பதினான்காம் கணக்கு

வத்தளை
02.06.2024

அன்பின் ஷிராணிக்கு,

நீ ஓய்வாக ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து இந்தக் கடிதம் வந்து சேரட்டும். அப்படி ஒரு நேரம் உனக்கு வாய்ப்பதில்லை என்று தெரியும். இருந்தாலும் ஆசைப்படுவதில் என்ன குறை.

நான் எழுதுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்காரர், "என்ன சேர், கல்யாணம் கட்டி இத்தன வருசத்துக்குப் பொறகு லவ் லெட்டரா?" என்று கேட்டார். "இல்ல, கணக்கு" என்றேன். நம்பவில்லை. கண்ணடித்துவிட்டுப் போகிறார்.

கணக்குத்தான். ஹட்டன் அச்சகத்து ஆண்டியப்பன் அண்ணன் நம் இணைந்த கணிதப் புத்தகத்தை இந்த வருடமே கொண்டுவந்தாக வேண்டும் என்று நிற்கிறார். "சேர் மட்டும் எழுதுனா சேருக்குத்தான் வெளங்கும். டீச்சரும் சேர்ந்து எழுதட்டும். மாஸ்டர் இல்லாத ஸ்கூல்ல பிள்ளைங்க தானா படிச்சிக்கிற மாதிரி இருக்கணும்" என்கிறார். அவர் சொல்வதில் பாதி எனக்கு அவமானம், பாதி உண்மை.

இத்துடன் ஏழாம் அத்தியாயம். உயர்படிப் பல்லுறுப்பிகளின் பூச்சியங்கள். வழக்கம் போல நான் தொடங்கியிருக்கிறேன், நீ முடித்து வை. ஆசிரியர் பயிற்சிக் காலத்திலிருந்தே நம் முறை அதுதானே. பலகைக்கு முன்னால் நின்று முதல் பூச்சியத்தை நான் சொல்லிவிடுவேன். அதை வைத்து வகுத்து, மிச்சத்தை எல்லாம் கண்டுபிடித்து, கீழே கோடு போடுவது நீ.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புத்தகம் முடியும் வரை போன் வேண்டாம். ஈஸ்டருக்குப் பேசியபோது நான் "எப்ப வர்ற?" என்றேன், நீ "எப்ப வர்றீங்க?" என்றாய், அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசியதை நினைக்கவே பிடிக்கவில்லை. கடிதத்தில் ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் தொடங்க முடியும். நமக்கு அதுதான் நல்லது.

இடமாற்ற விஷயத்தை மறந்துவிடாதே. மாகாணம் விட்டு மாகாணம் மாறுவது லேசில்லை என்றாலும் இங்கே ஒரு பாடசாலையில் பேசி வைத்திருக்கிறேன். ஜனவரியில் நீ வந்துவிடலாம். வீடு பார்க்கிறேன். எனக்கும் தொண்டை போய்விட்டது. டியூஷன் வகுப்பில் முந்நூறு பிள்ளைகளுக்கு மைக்கில் கத்துகிறேன். அறைக்கு வந்தால் பேச ஆள் இல்லை, பேசத் தொண்டையும் இல்லை.

என்றும் அன்புடன்,
மேர்வின்


ஆசிரியர் விடுதி, டயகம
16.06.2024

அன்புள்ள மேர்வினுக்கு,

உங்கள் கடிதமும் அத்தியாயமும் வந்தன. ஓரம் நனைந்து வந்ததால் அடுப்புக்குப் பக்கத்தில் பரப்பிக் காயவைத்தேன். இரண்டு கிழமையாக மழை விடவில்லை. உடுப்பு காயவில்லை, சுவர் காயவில்லை. பாடசாலைக்கு ஏறிப் போவதற்குள் காலில் அட்டை ஏறிவிடுகிறது. பிள்ளைகள் சவர்க்காரம் பூசிக்கொண்டு வருகிறார்கள். நானும் பூசிக்கொள்கிறேன்.

கணிதப் பிரிவில் இந்த முறையும் நான்கு பேர்தான். திலக்ஷன் கெட்டிக்காரன், ஆனால் அவசரம். தனுஷிகா மெதுவானவள், ஆனால் பிடித்தால் விடமாட்டாள். மற்ற இருவரும் கொழுந்துக் காலத்தில் தாய்மார் நேரத்தோடு தேயிலை பறிக்க மலைக்குப் போவதால் தம்பி தங்கைகளைக் கவனித்துவிட்டுப் பிந்தித்தான் வருகிறார்கள்.

அத்தியாயத்தைப் படித்தேன். குறை சொல்கிறேன் என்று கோபிக்கக் கூடாது. முதல் பக்கத்திலேயே, பூச்சியம் என்றால் என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. x இருக்கும் இடத்தில் எந்த எண்ணைப் போட்டால் முழுக்கோவையும் பூச்சியமாகுமோ, அந்த எண்தான் அதன் பூச்சியம் என்று ஒரு வரி வேண்டும். போன கிழமை தனுஷிகா, "பூச்சியம்னா பூச்சியம் தானே டீச்சர், அது எப்படி ரெண்டாகும்?" என்று கேட்டாள். கேட்கத்தானே செய்வாள்.

முதல் உதாரணம், x³ − 4x² + x + 6. அதற்குக் கீழே, "பார்த்தாலே தெரியும், x = 2 ஒரு பூச்சியம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும். நான் கடைசியில் நிற்கும் ஆறின் காரணிகளை எழுதிக்கொண்டுதான் போட்டுப் பார்க்கிறேன். 1, −1, 2, −2, 3, −3, 6, −6. முழுவெண் பூச்சியம் ஒன்று இருந்தால் இந்த வரிசைக்குள்தான் இருக்கும், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார் என்று சொன்னால் பிள்ளை செய்துகொள்ளும். இரண்டு கிடைத்ததும் (x − 2) ஆல் வகுத்தால் ஒரு படி குறையும். மிச்சம் x² − 2x − 3. அதற்குப் பிறகு −1, 3 இரண்டும் தானாக வரும். "பார்த்தாலே தெரியும்" என்று படிக்கிற பிள்ளை, தனக்குத் தெரியவில்லையே, தான் மக்கு என்று நினைத்துக்கொள்ளும். இந்த வசனம் அத்தியாயத்தில் பதினொரு இடத்தில் வருகிறது. எல்லாவற்றையும் வெட்டியிருக்கிறேன்.

அடுத்தது, x³ − 7x + 6. இதில் x² இல்லை. வகுக்கும்போது அந்த இடத்தில் பூச்சியம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் சொல்லாமல் தாண்டிப் போகிறீர்கள். திலக்ஷன் அதை விட்டுவிட்டு வகுத்து, மீதி வந்ததும் கணக்கு பிழை என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டான்.

பக்கத்து லயத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா தினமும் கேட்கிறார், "ஐயா எப்ப வர்றாங்க டீச்சர்?" ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் கோயில் வாசலிலும் அதே கேள்வி. முதலில் "அடுத்த மாசம்" என்றேன். பிறகு "லீவுக்கு" என்றேன். இப்போது சிரித்துவிட்டு நடக்கிறேன். ஒரு பேட்ச் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனீர்கள். மூன்றாவது பேட்ச் நடக்கிறது.

இடமாற்றம் பற்றி யோசிக்கிறேன். களைப்பாக இருக்கிறது, யோசிக்கவும் களைப்பு.

உங்கள்
ஷிராணி


வத்தளை
27.06.2024

அன்பின் ஷிராணிக்கு,

பதினொரு இடத்தையும் வெட்டிவிட்டாயா! என் கழுத்தை வெட்டியது போல இருந்தது. சரி, நீ சொன்னால் சரிதான். உன் வரிசைகளைப் படித்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை, உனக்கு அளவுக்கு மீறி இருக்கிறது. சேர்த்து வகுத்தால் ஆளுக்குச் சரியாக வரும்.

அட்டைக்குச் சவர்க்காரம் பூசுவதைப் படித்துச் சிரித்தேன். பிறகு கவலையாகவும் இருந்தது. இதற்குத்தான் சொல்கிறேன், வந்துவிடு. இங்கே அட்டை இல்லை, காதுக்குள் பாடும் நுளம்பு மட்டும்தான். இரவெல்லாம் வேர்க்கிறது. போன கிழமை மைக் கெட்டுப்போனபோது பின்வரிசைப் பிள்ளைகள் நான் ஊமைக்கூத்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடியவில்லை, ஷிராணி. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் டியூட் தாள்களைத் திருத்துவதற்குக் கூட நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை. நீ இருந்தால் எவ்வளவு உதவி.

பயிற்சிக் கணக்குகள் இருபதும் இத்துடன் வருகின்றன. நான் எப்படித் தயாரிப்பேன் என்று உனக்குத் தெரியும். விடையை முதலில் தீர்மானித்துக்கொண்டு, காரணிகளைப் பெருக்கி, கணக்கை உண்டாக்கிவிடுவேன். அதனால் எல்லாமே அழகாக முடியும். நீ பிள்ளை செய்கிற மாதிரி ஒவ்வொன்றையும் செய்து, வழிமுறையை எழுதிவிடு. விடைகளை நான் தனியாக எழுதி வைக்கவில்லை, உனக்கு எதற்கு அது.

ஆகஸ்ட் கடைசிக்குள் விண்ணப்பம் போக வேண்டுமாம்.

அன்புடன்,
மேர்வின்


டயகம
30.07.2024

அன்புள்ள மேர்வினுக்கு,

பதில் பிந்திவிட்டது. இரண்டாம் தவணைப் பரீட்சை. பத்தாம் வகுப்புக்கு மாஸ்டர் இல்லாததால் அதிபர் வீரய்யா சேர் அந்த வினாத்தாள்களையும் என் மேசையில் வைத்துவிட்டார். "டீச்சர் இருக்கிறதால தான் நான் நிம்மதியா இருக்கேன்" என்கிறார். அவர் நிம்மதியாக இருப்பது சந்தோஷம்தான்.

விடுதிக் கூரை அடுப்படிப் பக்கம் ஒழுகுகிறது. தோட்டத்து ஆபீஸில் சொன்னேன். அங்கே மேற்பார்வை செய்யும் கண்டாக்கு வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு வாளி வைத்திருக்கிறேன்.

பதின்மூன்று கணக்கு முடித்து இத்துடன் அனுப்புகிறேன். பதினான்கில் நிற்கிறேன். எங்கேயோ பிசகுகிறது. திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள்
ஷிராணி


வத்தளை
09.08.2024

அன்பின் ஷிராணிக்கு,

ஆண்டியப்பன் அண்ணன் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். நீ பதினான்கில் நிற்கிறாய் என்று சொன்னால் அவருக்கு விளங்குமா? அது மிச்சக் கணக்குகளை விடக் கஷ்டமானது இல்லையே. நான்காம் படிதான். முதல் பூச்சியத்தைப் பிடித்தால் மிச்சம் சரசரவென்று போகும். களைப்பில் பார்க்காதே, காலையில் பார்.

இடமாற்ற விண்ணப்பத்தை நானே நிரப்பி அனுப்புகிறேன், உனக்கு வேலை மிச்சம். பெயர், நியமனத் திகதி, பாடம், காரணம் எல்லாம் எழுதியிருக்கிறேன். பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு, அதிபரின் முத்திரையை வாங்கி வலயக் கல்விப் பணிமனையில் கொடுத்தால் போதும். இனி யோசிக்க எதுவும் இல்லை.

முகப்பில் பெயர் எப்படிப் போடுவது என்று அண்ணன் கேட்டார். "மேர்வின் – ஷிராணி மேர்வின்" என்று சொன்னேன். "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கே" என்று சிரித்தார். இருக்கட்டுமே.

அன்புடன்,
மேர்வின்


டயகம
25.08.2024

அன்புள்ள மேர்வினுக்கு,

பதினான்காம் கணக்கு பிழை.

உங்கள் கையெழுத்தில் 2x⁴ − 3x³ − 12x² − 7x + 6 என்று இருக்கிறது. ஆறின் காரணிகள் எட்டையும் போட்டுப் பார்த்தேன். முதல் குணகம் இரண்டு என்பதால் அரை, மைனஸ் அரை, ஒன்றரை, மைனஸ் ஒன்றரை நான்கையும் போட்டேன். ஒன்றும் பூச்சியம் தரவில்லை. அரையைப் போட்டால் மைனஸ் முக்கால் வருகிறது. இவ்வளவு கிட்ட வந்துவிட்டுத் தவறுகிறதே என்று அந்த அரையைத் திரும்பத் திரும்பப் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோறு ஆக்கி வைத்துவிட்டு, வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, தினமும் அதே அரை. தாள் தீர்ந்து பிள்ளைகளின் பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்திலும் போட்டேன்.

நேற்றுத்தான் வேறு விதமாகப் பார்த்தேன். x பூச்சியம் என்றால் கோவை ஆறு. x அரை என்றால் மைனஸ் முக்கால். குறி மாறுகிறது. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கோடு அச்சை வெட்டித்தான் போக வேண்டும். கல்குலேட்டரை வைத்துக்கொண்டு நெருக்கிப் போனேன். 0.46க்கும் 0.47க்கும் நடுவில் இருக்கிறது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் இன்னொன்று. பூச்சியம் இருக்கிறது, மேர்வின். நாம் எழுதி வைத்த வரிசையில்தான் இல்லை.

விண்ணப்பம் கிடைத்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஷிராணி


வத்தளை
03.09.2024

அன்பின் ஷிராணிக்கு,

அடடா! +7x என்று இருக்க வேண்டும். பெருக்கும்போது பத்தில் மூன்றைக் கழித்து ஏழு எடுத்தவன், எழுதும்போது குறியை மாற்றிவிட்டேன். பார், பிளஸ் போட்டால் 1, −2, 3, மைனஸ் அரை என்று எவ்வளவு அழகாக வருகிறது. சின்னப் பிழை. ஒரு கோடு போட்டால் சரி.

அதற்காகவா ஒரு மாதமாக மல்லாடினாய்? பிழை என்று அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால் நான் சொல்லியிருப்பேனே. உன் கெட்டிக்காரத்தனத்துக்கு இது தேவையா.

விண்ணப்பம் ஏன் இன்னும் போகவில்லை? திகதி முடிந்துவிட்டது, ஆனாலும் எனக்குத் தெரிந்தவர் செப்டம்பர் கடைசி வரை எடுப்பார். அவரைப் போய்க் கெஞ்சி வைத்திருக்கிறேன். எனக்காகக் கூட வேண்டாம், உன் உடம்புக்காகவாவது போடு.

அன்புடன்,
மேர்வின்


டயகம
22.09.2024

அன்புள்ள மேர்வினுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். வாய் பொத்திக்கொண்டு அழவில்லை. அம்மாக்கண்ணு அக்கா வந்து எட்டிப் பார்த்து, "ஐயாவுக்கு ஏதும் ஆயிருச்சா டீச்சர்?" என்று கேட்கும் அளவுக்கு அழுதேன். ஐயாவுக்கு ஒன்றும் இல்லை, நல்லா இருக்கிறார் என்றேன்.

பிழை என்று அன்றைக்கே ஏன் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். எழுதுவதற்குத் தோன்றினால்தானே எழுத. அத்தனை நாளில் ஒரு நாள்கூட, நீங்கள் தந்த கணக்கு பிழையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்தான் பிசகிவிட்டேன், எனக்குத்தான் களைப்பு, எனக்குத்தான் மூளை மழுங்கிவிட்டது என்றே போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை இப்படி ஒரு கணக்கோடு என்னிடம் வந்திருந்தால், கணக்கு சரியா என்று முதலில் பார் என்று சொல்லியிருப்பேன். உங்கள் கணக்கு என்றதும் பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடித்த நாளில் எனக்குப் பயமாக இருந்தது. இதை ஒரு கணக்கோடு மட்டுமா செய்தேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

நீங்கள் போனபோது, நான்தான் சம்மதித்துக் கூடப் போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் வராதபோது, நான்தான் சரியாகக் கூப்பிடவில்லை என்று நினைத்தேன். பிள்ளை தங்காமல் போன வருடம் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, "அடுத்த தரம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மூன்று மணி வகுப்புக்குப் போனீர்கள். அப்போதும், நான் அழுததால்தான் உங்களால் அங்கே இருக்க முடியவில்லை என்று நினைத்தேன். எப்போதும் ஏதோ ஒன்று பூச்சியத்துக்குக் கிட்ட வந்துவிட்டுத் தவறும். நான் திரும்ப முதலிலிருந்து போடுவேன்.

நீங்கள் கெட்டவர் இல்லை. உங்களுக்கு எண்ணைப் பார்த்தால் விடை தெரியும். அதனால் பார்த்தவுடன் தெரியாத எதுவும் இல்லை என்று இருந்துவிட்டீர்கள். நான் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறேன் என்பது பார்த்தாலே தெரியவில்லை. போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

மிச்ச ஆறு கணக்கும் சரி. வழிமுறை எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அதுவரை என்னிடம் வேறு எதுவும் கேட்காதீர்கள்.

ஷிராணி


வத்தளை
06.10.2024

அன்பின் ஷிராணி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று அறிவித்தேன். படுத்துக் கிடந்தேன். ரயில் போகும்போதெல்லாம் கட்டில் ஆடுகிறது. இத்தனை நாள் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி விஷயத்தை நீ மனதில் வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஷிராணி. வகுப்புக்குப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அதனால் போனேன்.

நான் எதை எதைப் பார்க்கவில்லை என்று வரிசையாக எழுது. ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு எழுது. ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்கிறேன். உண்மையாகச் சொல்கிறேன். எனக்கு நீ சொல்லாமல் விளங்காது.

விண்ணப்பத்துக்கு அந்த ஆள் இன்னும் காத்திருக்கிறார். ஜனவரி இல்லாவிட்டால் ஏப்ரல். வீடும் பார்த்துவிட்டேன். அடுப்படிக்கு ஜன்னல் இருக்கிறது.

உன்
மேர்வின்


வத்தளை
10.11.2024

அன்பின் ஷிராணி,

பதில் இல்லை. பரீட்சை வேலை என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன் எடுக்கலாமா என்று பல தரம் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னவனே நான்தான். எடுத்து உன் குரல் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. "எப்ப வர்ற?" என்றுதான் மறுபடி வாயில் வரும்.

வகுப்பில் நேற்று ஒரு பிள்ளை எழுந்து, "சேர், ரெண்டுன்னு எப்படித் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டது. பார்த்தாலே தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பலகையில் காரணிகளை எழுதி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். நேரம் போய்விட்டது. பாடம் முடியவில்லை.

ஒரு வரி எழுது. கோபமாக இருந்தாலும் எழுது.

மேர்வின்


12.01.2025

மேர்வினுக்கு,

பரீட்சை மழைக்கு நின்று, பிறகு ஒருவாறு நடந்து முடிந்தது. நான்கு பேரும் எழுதினார்கள். பரீட்சை விட்டு வந்த தனுஷிகா, "டீச்சர், ஒண்ணயும் விடல, எல்லாத்தயும் போட்டுப் பாத்தேன்" என்றாள். பெறுபேறு எப்படியும் வரட்டும், எனக்கு அது போதும்.

நீங்கள் கேட்ட வரிசையை எழுத உட்கார்ந்தேன். இலக்கம் ஒன்று போட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உங்களுடைய பிழைகளைக் கண்டுபிடித்து, இலக்கமிட்டு, வழிமுறையோடு எழுதித் தருகிற வேலையும் என் தலையிலா? இருபது கணக்குக்குச் செய்தேன். இதற்கு முடியாது. உங்களைத் திருத்த எனக்குக் கோபமும் இல்லை, தெம்பும் இல்லை.

உங்கள் விண்ணப்பத்தைக் கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன். நான் வத்தளைக்கு வரவில்லை. அந்த ஆளை இனியும் கெஞ்ச வேண்டாம்.

டயகமயிலும் இருக்கப்போவதில்லை. இத்தனை வருடமும் இரண்டில் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று உங்களிடம் வர வேண்டும், அல்லது இங்கேயே இருந்து நீங்கள் வரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், எதுவும் சரிவரவில்லை. போன தடவை விடைத்தாள் திருத்தப் போனபோது பக்கத்து மேசையில் சுலக்ஷனா என்று ஒரு டீச்சர் இருந்தார். உடப்புசல்லாவைப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறார். கணவருக்கு இங்கே பக்கத்தில் அக்கரபத்தனையில் வேலை, கைப்பிள்ளையோடு தனியாகச் சிரமப்படுகிறார். பரஸ்பர இடமாற்றம் எடுப்போமா என்று ஒக்டோபரில் நான்தான் கேட்டேன். மாகாணம் ஒன்றுதான் என்பதால் இரண்டு அதிபர்களும் ஒத்துக்கொண்டார்கள். வீரய்யா சேருக்குத்தான் மனக்கஷ்டம். கணிதத்துக்கு ஆள் வருவதைச் சொன்னதும் சமாதானமானார். மாதக் கடைசியில் புது வருடம் தொடங்கும்போது அவர் இங்கே, நான் அங்கே.

அங்கே எனக்கு ஒரு சின்ன வீடு தந்திருக்கிறார்கள். கூரை ஒழுகுமா என்று மழை பெய்த பிறகுதான் தெரியும். தேயிலையும் பனியும் அதேதான். பிள்ளைகளும் பிந்தித்தான் வருவார்கள். ஆனால் ஐயா எப்ப வர்றாங்க என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். அதை நினைத்தால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அவ்வளவுதான். சந்தோஷம் என்று சொல்லமாட்டேன்.

சாமான்களைக் கட்டும்போது அம்மாக்கண்ணு அக்கா வந்து உதவி செய்தார். "ஐயாகிட்டயா டீச்சர் போறீங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்த பிறகு, "பாத்துப் போங்க, சாப்புட்டு கீப்புட்டு இருங்க" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பற்றிக் கேட்டது போல இருந்தது. அதற்கும் அழுதுவிட்டேன்.

உங்கள் மேல் எனக்கு இருந்த அன்பு பொய் இல்லை. இப்போதும் தொண்டை நோவு என்று நீங்கள் எழுதினால் கொத்தமல்லி அவிக்கத்தான் கை போகிறது. வேளைக்குச் சாப்பிடுங்கள். மைக் இல்லாத நாளில் கத்தாதீர்கள். அந்த அடுப்படி ஜன்னலுள்ள வீட்டை, வாடகை முடியுமென்றால், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அறையில் கிடந்து உடம்பைக் கெடுக்க வேண்டாம்.

ஏழாம் அத்தியாயத்தை முடித்து ஆண்டியப்பன் அண்ணனிடம் நேரில் கொடுத்துவிட்டேன். பதினான்காம் கணக்குக்கு உங்கள் பிளஸ்ஸைப் போட்டிருக்கிறேன். பிழையாக இருந்ததையும் விடவில்லை. கடைசியில் தனிப் பகுதியாக வைத்து, வரிசையில் உள்ள எதுவும் சரிவராதபோது பூச்சியம் எங்கே இருக்கிறது என்று தேடும் வழியை எழுதியிருக்கிறேன். அந்தப் பகுதி முழுக்க என்னுடையது. ஒரு வசனமும் மாற்ற வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

முகப்பில் இரண்டு பெயரையும் போடச் சொன்னேன். உங்கள் பெயர் முதலில் இருக்கட்டும், தொடங்கியது நீங்கள்தான். என் பெயருக்கு முன்னால் அப்பா பத்திநாதனின் முதலெழுத்தைப் போடச் சொல்லிவிட்டேன். அண்ணன் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்று எழுதிக்கொண்டார்.

புத்தகம் வந்ததும் தபாலில் அனுப்ப வேண்டாம். என் பிரதியை அச்சகத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். ஹட்டனுக்கு வருகிற நாளில் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ப. ஷிராணி